பார் வைத்த சைக்கிள்: புதுக்கோட்டை, 1992

ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு கம்பி போகும். நம் ஊர்களில் அதைப் பார் என்பார்கள். லேடீஸ் சைக்கிளில் அந்தக் கம்பி கீழே வளைந்து தாழ்ந்திருக்கும். 1880களின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த வடிவம் வந்தபோது அதை வரைந்தவர்களின் கணக்கில் இருந்தது பெண்ணின் பாவாடை. தரையைத் தொடும் பாவாடையோடு காலைத் தூக்கிப் போட முடியாது. தூக்கிப் போடுவது அடக்கமும் ஆகாது. ஆகவே கம்பியை இறக்கினார்கள். செயினில் துணி சிக்காமலிருக்க மூடி போட்டார்கள். நூறாண்டு கழித்து அதே வடிவம் நம் புடவைக்கும் தாவணிக்கும் பொருந்திவிட்டதால், அந்தக் கம்பி ஏன் தாழ்ந்தது என்று இங்கே யாரும் கேட்க நேரவில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் பெருங்கூட்டமாகச் சைக்கிள் பழகியபோது கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். ஓட்டிப் பழகிய பின் அவர்களில் பலர் அதையே விரும்பத் தொடங்கினார்கள். காரணம் எளியது: பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அங்கு சென்று எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1996இல் வெளிவந்த தம் நூலில் இதைப் போகிற போக்கில் குறித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்குத்தான் முடியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கடந்த சில ஆண்டுகளாகக் கல்லூரிகளில் எங்களுக்கெல்லாம் ‘மனிதரை மையப்படுத்திய வடிவமைப்பு’ என்று பயிலரங்குகள் நடக்கின்றன. தமிழாசிரியர்களுக்கும் விலக்கில்லை. வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, ‘பயனாளியின் வலி’ என்ன என்று எழுதச் சொல்கிறார்கள். பிறகு ஒரு மாதிரியைச் செய்து பார்த்து, திருத்தி, மறுபடி செய்யச் சொல்கிறார்கள். பின்தங்கிய சமூகங்களில் தலைமைப் பண்பை வளர்க்கவும் இந்த முறை உதவும் என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஐடியோ நிறுவனம் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடு 2009இல் வெளியிட்ட கையேடு இதை வளர்ச்சிப் பணித் தொண்டு நிறுவனங்களிடையே பரப்பியது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை; கேட்டுவிட்டுச் செய் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் இந்தச் சிந்தனைக்கு வேறொரு முன்வரலாறும் உண்டு. 1970களில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் தங்கள் ஆலைக்கு வரும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் சொல் வேண்டும் என்று கேட்டது. அங்கே வடிவமைப்பு என்பது அதிகாரத்தைப் பற்றிய பேச்சாக இருந்தது. கையேட்டுக்கு வந்து சேர்ந்தபோது சங்கம் கழன்று விழுந்து, ‘பயனாளி’ மட்டும் மிஞ்சினாள். அவள் கருத்துச் சொல்கிறாள். சீட்டில் எழுதிக்கொள்கிறவர் வேறு ஒருவர்.

புதுக்கோட்டையில் நடந்தது இந்த இரண்டிலும் அடங்காதது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் வழியில் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் இறங்கியது. மாவட்ட நிர்வாகமும், அறிவியல் இயக்கத்தவரும், ஆசிரியர்களும், ஊர்ப்புறத்து இளைஞர்களும் சேர்ந்து நடத்திய இயக்கம். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வானம் பார்த்த பூமி. 13 லட்சம் பேர் சிதறிக்கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். பேருந்து வந்தால் உண்டு. வகுப்போ இரவில்தான் நடத்த முடியும், ஏனென்றால் படிக்க வேண்டியவர்கள் பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் இருந்தார்கள். பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போனால்தான் பெண்கள் வகுப்புக்கு வருவார்கள். பெண் தொண்டர் எப்படிப் போவாள்? இந்த நடைமுறைச் சிக்கலிலிருந்துதான் சைக்கிள் உள்ளே வந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நிர்வாகம் ஜீப் கேட்டு எழுதும். ஆட்சியர் பிரச்சினையை வேறு விதமாகப் படித்தார். தன்னால் ஓரிடத்துக்குத் தானாகப் போக முடியாது என்பதே பெண்ணின் தன்னம்பிக்கையைக் குலைக்கிறது. ஆகவே போய்வருவதும் எழுத்தறிவின் ஒரு பாடம். இதை இயக்கத்தின் திட்டத்திலேயே சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளை நெருக்கினார். ஒன்றியம் ஒன்றியமாகப் பொறுப்புப் பிரித்தார். ஒரு அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய பெருமையை இந்த அளவில் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்குப் பிறகு நடந்தது அவர் திட்டத்தில் இருந்ததைவிடப் பெரியது.

முதலில் தொண்டர்கள் பழகினார்கள். அவர்களிடம் எழுத்துப் படித்த பெண்கள் நாங்களும் பழகுகிறோம் என்றார்கள். அப்புறம் எழுத்துப் படிக்காதவர்களும் வந்தார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு ஊழியர், கல் பட்டை தீட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று சாய்நாத் பட்டியல் தருகிறார். சாதியும் வயதும் கலந்த இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான். சைக்கிளுக்குப் பட்டம் பெற்ற பயிற்சியாளர் கிடையாது. நேற்று விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவள் இன்று இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவது பையன்களின் பாடமாக இருந்த ஊரில், புடவையைச் செருகிக்கொண்டு அதைப் பழகுவதற்குத் தனி உத்தி வேண்டும். அந்த உத்தி பழகியவளுக்கு மட்டுமே தெரியும். சாலையில் வரும் கிண்டலுக்கும் வசைக்கும் என்ன பதில் சொல்வது என்பதும் அப்படித்தான். எனக்குத் தெரிந்து தலைமை உருவாகும் மிக எளிய வழி இது: உனக்கு அடுத்து வருகிறவளுக்குத் தேவையான ஒன்று உன்னிடம் இருக்கிறது, நேற்றுத்தான் வந்தது.

இந்தச் சொல்லைப் பற்றித் தமிழாசிரியையாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ‘தலைவி’ என்று நாங்கள் வகுப்பில் நடத்துகிறவள் காத்திருப்பவள். பொருள் தேடியும் போருக்கும் போகிறவன் தலைவன். முல்லைத் திணைக்கு உரிப்பொருளே இருத்தல். தலைவி ஊரைத் தாண்டுவது உடன்போக்கில். அதுவும் ஒருவன் துணையில். விறலியும் பாடினியும் சுரம் கடந்து நடந்தார்களே என்றால், அவர்கள் அகத்தின் தலைவியர் ஆகவில்லை. உழைக்கும் பெண்கள் எந்தக் காலத்திலும் வீட்டுக்குள் இருந்ததில்லை. புதுக்கோட்டைக் குவாரிப் பெண்ணும் தினம் கல் தொலைவுகள் நடந்தவள்தான். அவளுக்குச் சைக்கிள் ‘வெளியே வரும்’ வாய்ப்பைத் தரவில்லை. அது அவளிடம் முன்பே இருந்தது. கணவனோ மகனோ கொண்டுவிடக் காத்திராமல், பேருந்து நேரத்துக்குக் கட்டுப்படாமல், நினைத்த நேரத்தில் போய்த் திரும்பும் வேகத்தைத்தான் அது தந்தது. பெண் நடக்கலாம், விரையக் கூடாது என்ற ஊர்க்கட்டு அங்கேதான் உடைந்தது.

1992 உலக மகளிர் நாளன்று 1500க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்து வயதுக்குக் கீழான சிறுமிகளை நீக்கினால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நாலில் ஒருவர் என்பது சாய்நாத்தின் கணக்கு. வட இந்தியப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இதைப் பாடமாகவே படித்தார்கள்.

சைக்கிளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அறிவொளியின் பாடநூல். அகரவரிசையில் தொடங்கி ஆடு, இலை என்று போகும் குழந்தைப் பாடத்தை வளர்ந்த பெண்ணிடம் நீட்டக் கூடாது என்பதில் இயக்கத்தவர் தெளிவாக இருந்தார்கள். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே வழியில், படிப்பவரின் வாழ்க்கையில் கனமுள்ள சொற்களை எடுத்தார்கள். தொடக்கப் பாடச் சொற்களில் ஒன்று ‘பட்டா’. நிலமில்லாதவளுக்கு முதலில் எழுத வருகிற சொல் அது! கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எடுத்துச் சென்றதை, புதுக்கோட்டை அறிவொளியை ஆராய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ‘பட்டா’வைத் தேர்ந்தெடுத்தது இயக்கம். ஆனால் அதை எழுதப் படித்தவள் மனுவில் என்ன கேட்பாள் என்பதை எந்தப் பாடநூலும் தீர்மானிக்கவில்லை. சைக்கிளின் பாரும் அப்படித்தான். வடிவமைத்தவன் பிள்ளையை நினைக்கவில்லை, தாய் நினைத்தாள். பாரில் பிள்ளை, கேரியரில் விளைபொருள் என்று ஆணுக்கான ஒரு வண்டியை அவளே முடித்துக்கொண்டாள்.

பயிலரங்குகளோடு என் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ‘பெண்ணுக்கு ஏற்றது எது’ என்று அனுதாபத்தோடு யோசித்த வடிவம் லேடீஸ் சைக்கிள். அது அவளைத் தனியாகச் செல்லும் ஒருத்தியாக, உடை கலையாமல் இருக்க வேண்டியவளாகக் கண்டது. பிள்ளையோடும் மூட்டையோடும் போகிற பெண் அந்த வரைபடத்தில் இல்லை. அவளிடம் போய் வலி என்ன என்று கேட்டிருந்தாலும், பார் வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டாள். ஓட்டிய பிறகே அது தெரியும்.

இதைப் பொற்காலமாக எழுதிவிடவும் கூடாது. மிச்சப்பட்ட நேரம் பெண்ணின் ஓய்வாக முழுதும் மாறவில்லை. வண்டி இருக்கிறதே, நீயே போய் வந்துவிடு என்று சந்தை வேலையும் அவள் தலையில் ஏறியது. அதே ஆண்டுகளில் கல்குவாரிக் குத்தகைகள் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. கொத்தடிமை நிலையில் கல் உடைத்தவர்கள் குவாரியின் கணக்கை எழுதத் தொடங்கினார்கள். ஒப்பந்தக்காரர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பிடித்த இடத்தை மீட்க எல்லா வழியிலும் முயன்றார்கள். சைக்கிளைக் கிண்டலோடு விட்ட அதிகாரம், கல்லைத் தொட்டதும் வேறு முகம் காட்டியது. ஆட்சியர்கள் மாறினார்கள். அறிவொளியும் நிதியோடு சேர்ந்து மெலிந்தது.

1996இல் தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி நடந்தது. 2001 முதல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரித்தது. மாணவியருக்கு வருவது கம்பி தாழ்ந்த, முன்னால் கூடை வைத்த வண்டி. பள்ளிக்கூடம் போக அது போதும்.

வரலாறு எழுதுகிறவளாக எனக்குள்ள சங்கடம் கணக்கில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் புதுக்கோட்டையின் ஒரு சைக்கிள் கடையில் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஓராண்டில் 350 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாகப் பதிவு இருக்கிறது. இந்த எண்ணும் குறைவானது என்று சாய்நாத்தே சொல்கிறார். காத்திருக்கப் பொறுக்காத பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரரின் பேரேட்டில் அவை ஆண்கள் வண்டி விற்ற கணக்கில் இருக்கும். பிள்ளையைப் பாரில் வைத்துக்கொண்டு போன பெண்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பத்தியில்தான் தேட வேண்டும்.