டிரயம்ப் டி.ஆர்.6: இன்ஜெக்ஷனும் ஓவர்டிரைவும்

டிரயம்ப் டி.ஆர்.6, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1968 இறுதி முதல் 1976 வரை உற்பத்தியான, திறந்த மேற்புறமுள்ள இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினின் கொள்ளளவு 2,498 கன சென்டிமீட்டர். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். நான்கு கியர், பின்சக்கர இயக்கம். உடல் வடிவத்தை ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் திருத்தி அமைத்தது. மொத்தம் 94,000க்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன; பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று இதை வைத்திருப்பவர்கள் செய்யும் மாற்றங்களில் இரண்டு முதன்மையானவை: கார்புரேட்டரை எடுத்துவிட்டு எரிபொருள் இன்ஜெக்ஷன் பொருத்துவது, கியர்பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவ் சேர்ப்பது.

பழைய காரில் கைவைப்பதையே விரும்பாதவர்கள் உண்டு. ஆனால் டி.ஆர்.6-ஐப் பொறுத்தவரை இந்த இரண்டும் அந்நியச் சரக்கல்ல. இரண்டுமே கவன்ட்ரி ஆலையில் இதே காருக்குப் பொருத்தப்பட்டவை. சந்தையும் சட்டமும் விலையும்தான் எல்லாக் கார்களுக்கும் அவை கிடைக்காமல் செய்தன.

ஒரே கார், இரண்டு எஞ்சின்

1967இல் வந்த டி.ஆர்.5, பெட்ரோல் இன்ஜெக்ஷனுடன் விற்பனைக்கு வந்த முதல் பிரிட்டிஷ் உற்பத்திக் காராக வாகன வரலாற்றில் குறிக்கப்படுகிறது. லூகாஸ் நிறுவனத்தின் இயந்திர வகை இன்ஜெக்ஷன் அது. 1957 லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் டி-டைப்பிலும் லூகாஸ் இன்ஜெக்ஷன்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 1968 முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. அங்கே இதே கார் இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்களுடன் டி.ஆர்.250 என்ற பெயரில் விற்கப்பட்டது. அடுத்து வந்த டி.ஆர்.6-இலும் இந்தப் பிரிவினை நீடித்தது. இன்ஜெக்ஷன் காருக்கு 150 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்கக் காருக்குச் சுமார் 105.

இந்த 45 குதிரைத்திறன் வேறுபாட்டைப் பார்த்துவிட்டு, இன்ஜெக்ஷன் பொருத்தினாலே அமெரிக்கக் கார் 150-ஐத் தொட்டுவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அது நடக்காது. இன்ஜெக்ஷன் எஞ்சினின் அழுத்த விகிதம் 9.5, அமெரிக்க எஞ்சினில் அது தொடக்கத்திலேயே குறைவு, பிற்காலத்தில் இன்னும் குறைக்கப்பட்டது. கேம்ஷாஃப்டும் வேறு. மென்மையான கேம்ஷாஃப்டுடன் 1973இல் வந்த இன்ஜெக்ஷன் காருக்கே 125தான் அறிவிக்கப்பட்டது. எஞ்சினின் உள்ளே எதையும் தொடாமல் இன்ஜெக்ஷன் மட்டும் மாற்றினால் கிடைப்பவை வேறு: குளிர்காலையில் தயங்காமல் கிளம்புதல், மலையேறும்போதும் சீரான கலவை, கால் அழுத்தியதும் தடுமாறாத இழுவை, ஓரளவு எரிபொருள் சிக்கனம். இவையே செலவுக்குப் போதுமான காரணங்கள்.

லூகாஸ் முறையின் வேலைப்பாடு

பழைய லூகாஸ் முறை இன்று பலரும் பழிக்கும் ஒன்று. அதன் வேலைப்பாட்டைப் புரிந்துகொண்டால் மதிப்பு வராமல் போகாது. டிக்கியில் உள்ள மின்பம்பு, சதுர அங்குலத்துக்குச் சுமார் 105 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளும். டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்து சுழலும் அளவைக் கருவிக்குள் ஒரு சிறு உருளை இரண்டு தடுப்புகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிலிண்டருக்கான பெட்ரோல் அளந்து தரப்படும். ஒரு தடுப்பின் இடத்தை எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமே நகர்த்தும். அதனால் பளுவுக்கு ஏற்ப அளவு கூடும், குறையும். கணினி கிடையாது. எல்லாமே உலோகமும் வில்லும்தான்.

குறை எங்கே? முதலில் பம்பு. வைப்பர் மோட்டாரின் வழிவந்த அந்த மோட்டார் கோடைக்காலத்தில் சூடேறும். பெட்ரோல் ஆவியாகி, கார் நடுவழியில் நிற்கும். இன்று லூகாஸ் முறையையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பாஷ் பம்பை மாற்றிப் பொருத்துகிறார்கள். பெரும்பாலான தொல்லை அதோடு தீர்கிறது. இரண்டாவது குறை, அளவைக் கருவியால் காற்றின் வெப்பத்தையோ புகையில் மிஞ்சும் ஆக்சிஜனையோ அறிய முடியாது. பழுதில்லாத லூகாஸ் முறை காரில் ஏற்கெனவே இருந்தால் அதைக் கழற்றி எறிவது தவறு. கழற்றினாலும் எல்லாப் பாகங்களையும் பத்திரமாகக் கட்டி வைப்பதே முறை.

மின்னணு இன்ஜெக்ஷன்

மின்னணு முறையில் சிறு கணினிப் பெட்டி ஒன்று அளவைத் தீர்மானிக்கிறது. 2001 முதல் கைவினையாளர்களிடம் புழங்கும் மெகாஸ்குவர்ட் இவ்வகையில் பெயர்பெற்றது. எஞ்சினின் முன்பக்கம் கிராங்க்ஷாஃப்ட் புல்லியில் 36 பற்களுக்கு இடம் விட்டு ஒன்றை நீக்கிய சக்கரம் மாட்டப்படும். அதன் அருகிலுள்ள உணரி, பல் இல்லாத இடம் கடக்கும்போது எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும். தண்ணீரின் சூடு, காற்றின் சூடு, த்ராட்டில் திறப்பு, சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் ஆகியவற்றுக்கும் தனித்தனி உணரிகள் உண்டு. பெட்ரோல் அழுத்தம் சுமார் 3 பார் போதும். லூகாஸுக்குத் தேவைப்பட்டதில் பாதிக்கும் குறைவு.

இன்ஜெக்ஷன் காரில் இருந்த ஆறு த்ராட்டில் கொண்ட மேனிஃபோல்டை அப்படியே வைத்து, அதில் மின் இன்ஜெக்டர்களைச் செருகுவது அழகான வழி. பானெட்டைத் திறந்தால் பழைய தோற்றம் மாறாது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் இருக்கும்போது வெற்றிட அளவு மெலிந்து துடிக்கும். கணினியால் அதை நம்ப முடியாது. அதனால் த்ராட்டில் திறப்பின் கோணத்தையும் எஞ்சின் வேகத்தையும் கொண்டு பெட்ரோல் அட்டவணை எழுதுகிறார்கள். உழைப்பு அதிகம் வாங்குவது இந்த அட்டவணைதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழு எரிப்புக்கான கணக்கு. முழு பளுவில் அதை 12.5 முதல் 13 வரை செறிவாக்க வேண்டும். பாகங்களைப் பூட்டிவிட்டு அட்டவணையில் பொறுமை காட்டாதவர்களின் கார், நல்ல கார்புரேட்டர் காரைவிட மோசமாக ஓடும்.

கார்புரேட்டர் கார்களில் தொட்டியிலிருந்து முன்னே போகும் குழாய் மட்டுமே உண்டு. மிகுதிப் பெட்ரோல் திரும்பி வரவும் ஒரு குழாய் போட வேண்டும். வளைவில் பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்பு காற்றை உறிஞ்சாதிருக்கச் சிறு துணைத்தொட்டி தேவை. எஞ்சின் சுழலாதபோது பம்பை நிறுத்தும் ரிலேயை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக்கூடாது. விபத்தில் குழாய் அறுந்தபின்னும் பம்பு ஓடினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2021 முதல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்கள் அதில் கெட்டுப்போகும். அவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

ஓவர்டிரைவ்

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஓவர்டிரைவைத் தேர்ந்தெடுப்பதே சரி. அமெரிக்க டி.ஆர்.6-இன் பின் அச்சு விகிதம் 3.7. நான்காம் கியரில் மணிக்கு 110 கி.மீ. போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்று சுற்றும். கூரை திறந்த காரில் அந்த இரைச்சலோடு மூன்று மணி நேரம் ஓட்டுவது அலுப்பு. ஓவர்டிரைவ் போட்டால் அதே வேகத்துக்குச் சுமார் 2,700 சுற்று போதும்.

எட்கர் டி நார்மன்வில் வகுத்த இந்தக் கருவியை லேகாக் நிறுவனம் தயாரித்தது. 1940களின் இறுதியில் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரில் இது முதலில் இடம்பெற்றது. ஸ்டாண்டர்டு என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டிரயம்பை 1940களில் வாங்கிய அதே கவன்ட்ரி நிறுவனத்தின் கார்கள்தான் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவாயின. அங்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரயம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்.

கருவிக்குள் நடுவே சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்கள், வெளியே உட்புறம் பல் கொண்ட வளையம். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு கோள்களைத் தாங்கும் சட்டத்தைச் சுழற்றும். வளையம் பின்சக்கரங்களை நோக்கிப் போகும். சாதாரண ஓட்டத்தில் கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்றைச் சுருள்வில்கள் வளையத்தோடு சேர்த்து அழுத்த, எல்லாம் ஒன்றாகச் சுழலும். ஸ்டீயரிங் அருகிலுள்ள விசையைத் தட்டினால் சோலினாய்டு ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் அழுத்தம் கூம்பை எதிர்ப்பக்கம் தள்ளி, அசையாத வேறொரு வளையத்தில் பிடிக்க வைக்கும். கூம்போடு இணைந்த சூரியச் சக்கரமும் நின்றுவிடும். அப்போது வெளிவளையம் உள்ளே வரும் தண்டைவிட வேகமாகச் சுழலும். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை.

டி.ஆர்.6-இல் முதலில் ஏ வகையும் 1973 முதல் ஜே வகையும் வந்தன. ஏ வகை 2, 3, 4 ஆகிய கியர்களில் வேலை செய்யும். ஜே வகை 3, 4இல் மட்டும். ஜே வகையின் விகிதம் 0.797. ஏ வகையின் சோலினாய்டு இழுக்கும் கணத்தில் ஏராளமான மின்னோட்டத்தை எடுக்கும். உள்ளிருக்கும் தொடுமுனை பிரியாவிட்டால் கருகிவிடும். அதன் நெம்புகோலைச் சரிசெய்ய, துளையில் 3/16 அங்குலக் கம்பியைச் செருகிப் பார்ப்பது பட்டறை வழக்கம். ஓவர்டிரைவ் இயங்கும் நிலையில் ரிவர்ஸ் கியர் போட்டால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கும். அதைத் தடுக்கும் விசையைக் கியர்பாக்ஸ் மூடியில் பொருத்தாமல் காரைச் சாலையில் இறக்கக்கூடாது.

ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸின் பின்னால் இதை நேராகப் பூட்ட முடியாது. உள்ளே உள்ள முதன்மைத் தண்டையும் இணைப்புத் தட்டையும் மாற்ற வேண்டும். அதனால் பலர் ஓவர்டிரைவோடு கூடிய பழைய கியர்பாக்ஸ் ஒன்றையே தேடி வாங்குகிறார்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸை இருக்கைகளையும் நடு மூடியையும் கழற்றிவிட்டு உள்பக்கமாகவே எடுக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள். எண்ணெய் இரண்டுக்கும் பொதுவானது. உராய்வைக் குறைக்கும் நவீனக் கலவைகள் சேர்ந்த எண்ணெயை ஊற்றினால் கூம்புக் கிளட்ச் வழுக்கும். டொயோட்டா, ஃபோர்டு கார்களின் ஐந்து கியர் பெட்டிகளைப் பொருத்துவோரும் உண்டு, அவை உழைக்கும். ஆனால் மூன்றாம் கியரில் வளைவு முடிந்ததும் விரல் நுனியால் ஓவர்டிரைவ் போடும் சுகம் அவற்றில் இல்லை.

முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை

இரண்டு வேலைகளுக்கும் முன்பு கிராங்க்ஷாஃப்டின் முன்பின் அசைவை அளந்தாக வேண்டும். இந்த எஞ்சினில் அதைத் தாங்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்து விழுந்துவிடுவது பலர் அனுபவித்த குறை. கவனிக்காவிட்டால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். பின்பக்க டிஃபரன்ஷியலைத் தாங்கும் சேஸிஸ் தாங்கிகளும் விரிசல் விடும். காரைத் தூக்கி நிறுத்தி, துருவைச் சுரண்டி, அந்தப் பற்றவைப்புகளை விளக்கு வைத்துப் பார்த்த பிறகே இன்ஜெக்டருக்கும் ஓவர்டிரைவுக்கும் பணம் எடுக்க வேண்டும்.