சிறையில் கூடிய நகரசபை

களவு செய்யவில்லை, கலகமும் செய்யவில்லை. வரி விதிக்க மறுத்தார்கள் என்பதற்காக நகரசபை உறுப்பினர் முப்பதுபேர் சிறை புகுந்த வரலாறு ஒன்று உண்டு. அது 1921ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் கிழக்கேயுள்ள பாப்லர் என்னும் பகுதியில் நிகழ்ந்தது.

பாப்லர், துறைமுகத் தொழிலாளர் நிறைந்த இடம். கப்பல் வந்தால் கூலி. வராவிட்டால் அடுப்பு எரியாது. முதல் உலகப் போர் முடிந்த சில காலத்திற்குள் வாணிகம் சுருங்கியது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. வேலையிழந்தோருக்கு அரசாங்கத்தின் காப்பீட்டு உதவி ஓரளவு கிடைத்ததாயினும், அது கிட்டாதவர்களையும் தீர்ந்துபோனவர்களையும் காப்பாற்றும் பொறுப்பு அக்காலத்து இங்கிலாந்தில் அந்தந்த வட்டாரத்தின் தலைமேலேயே விழுந்தது. அதற்கான பணம், வீடுகளின் வாடகை மதிப்பைக் கொண்டு விதிக்கப்படும் உள்ளூர் வரியிலிருந்து வரவேண்டும். நம் நகராட்சிகளின் சொத்துவரியை ஒத்தது அது.

இந்த ஏற்பாட்டின் விபரீதத்தை மாணவர்கள் சற்றே நின்று நோக்க வேண்டும். செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் மாளிகைகளும் பெரிய கடைகளும் மிகுதி. ஆகவே ஒரு பென்னி வரி விதித்தாலே பெருந்தொகை சேரும். அங்கு உதவி கேட்டு வருவோரோ மிகச் சிலர். பாப்லரில் அதே ஒரு பென்னி வரிக்குச் சிறுதொகையே தேறும். உதவி வேண்டி நிற்போரோ தெருத் தெருவாக இருந்தனர். ஏழைகள் பெருகப் பெருக வரி உயரும். உயர்ந்த வரியைச் செலுத்துவோரும் ஏழைகளே! போதாக்குறைக்கு, மாநகர் முழுமைக்கும் பொதுவான கவுண்டி சபை, போலீஸ், குடிநீர் வாரியம் முதலியவற்றின் பங்கையும் பாப்லரே வசூலித்துச் செலுத்த வேண்டியிருந்தது.

1919ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நகரசபையின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். புதிய சபை தன் ஊழியர்க்கு, ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி, வாரத்திற்குக் குறைந்தது 4 பவுன் ஊதியம் என்று முடிவு செய்தது. (இம்முடிவு சட்டத்திற்குப் புறம்பானது என்று 1925இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன்.)

1921 மார்ச்சில் சபை ஒரு துணிந்த காரியம் செய்தது. உள்ளூர் ஏழைகளுக்கான வரியை விதித்தது. மாநகர்ப் பொது அமைப்புகளுக்குரிய பங்கை மட்டும் விதிக்க மறுத்துவிட்டது. வழக்குத் தொடரப்பட்டது. ஜூலை 29ஆம் நாள், உறுப்பினர்கள் ஏறத்தாழ ஐந்து மைல் தூரம் உயர்நீதிமன்றத்திற்கு ஊர்வலமாகவே நடந்து சென்றனர். மக்கள் ஆயிரக்கணக்கில் உடன் நடந்தனர். நீதிமன்றம் பணியவில்லை; உறுப்பினரும் பணியவில்லை. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைதுகள் நடந்தன. ஆடவர் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்டிர் ஐவர் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர்.

அப்பெண்களுள் நெல்லி கிரெசல் நிறைகர்ப்பிணி. அவரைச் சிறையில் வைத்திருப்பது அரசாங்கத்திற்கே சங்கடமாகிவிடவே, முன்கூட்டி விடுவிக்கப்பட்டார். சூசன் லாரன்ஸ் செல்வக் குடும்பத்தில் பிறந்து, பழமைக் கட்சியில் இருந்து, பின்னர் மனம் மாறி இப்பக்கம் வந்தவர். சிறையிலும் நகரசபை கூடிற்று! ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை மோட்டார் வண்டியில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவந்து கூட்டம் நடத்த அதிகாரிகள் இசைய வேண்டியதாயிற்று. சிறைச் சாளரத்தின் வழியே, வெளியில் திரண்ட மக்களிடம் லான்ஸ்பரி பேசினார்.

தொழிற்கட்சியினர் அனைவரும் இம்முறையை ஏற்றனர் என்று எண்ணிவிடக்கூடாது. பக்கத்து ஹாக்னியின் மேயரான ஹெர்பர்ட் மாரிஸன், சட்டத்தை மீறினால் கட்சியின் நற்பெயர் கெடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் அற்பமானதன்று. ஆயினும் பெத்னல் கிரீன், ஸ்டெப்னி ஆகிய அண்டை நகரசபைகளும் பாப்லரைப் பின்பற்ற முடிவு செய்தபின் அரசாங்கம் விழித்துக்கொண்டது. அக்டோபர் 12இல் அனைவரும் விடுதலை பெற்றனர். அவ்வாண்டு முடிவதற்குள், ஏழைகளுக்கான செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் சேர்ந்து ஏற்கும்படி சட்டம் இயற்றப்பட்டது. சிறை மீண்ட மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், 1922 ஜனவரி முதல் நாளில் நிமோனியாவால் இறந்தார். அவருக்கு வயது 32.

1980களில் மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் நகரசபைகளுக்கான மானியத்தைக் குறைத்து, அவை விதிக்கும் வரிக்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் உச்சவரம்பு கட்டியபோது, பாப்லரின் பெயரைப் பலர் நினைவுகூர்ந்தனர். எதிர்ப்புக்கு அணிவகுத்த சபைகள் பல. ஒவ்வொன்றாகப் பின்வாங்கியபின் எஞ்சியவை லிவர்ப்பூலும் லாம்பெத்தும் மட்டுமே. லிவர்ப்பூல் உறுப்பினர் 47 பேர்மீது ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தண்டத் தொகை விதிக்கப்பட்டது. 1987இல் அவர்கள் பதவியையும் இழந்தனர்.

அதே துணிவு ஒருகால் வென்றதும் மறுகால் தோற்றதும் ஏன்? 1921இல் அரசாங்கத்திற்கு ஓர் எளிய வழி இருந்தது. ஏழைகளுக்கான பொதுநிதி ஒன்று 1867 முதலே லண்டனில் இருந்துவந்தது. அதனை விரிவாக்கினால் போதும், செல்வப் பகுதிகளின் வரிப்பணம் பாப்லருக்குப் பாயும். கருவூலத்திலிருந்து பெரிதாக ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. லிவர்ப்பூல் கேட்டதோ அந்தக் கருவூலத்தின் பணத்தையே.