சர்ப்பகந்தி: ஒரு வேரின் பெயரும் பயனும்

ஒரு மூலிகையின் வரலாற்றை எழுதப் புகுவார் முதற்கண் அதன் பெயரை ஆராய்தல் வேண்டும். பெயர் பிழைபடின் பொருள் பிழைபடும். மருத்துவத்திற் பொருள் பிழைபடின் உயிர்க்கே இடையூறு நேரும். அண்மையில் எம் பார்வைக்கு வந்த ஆய்வேடு ஒன்று, மூலிகை அகராதிகளிற் 'சிவன் அமல்பொடி' எனக் காணப்பெறும் செடியைச் சிவபெருமானோடு இயைத்து விளக்கியிருந்தது. நஞ்சுண்ட இறைவன் அமலன். பொடி என்பது திருநீறு. பாம்பின் நஞ்சைத் தீர்க்கும் வேராதலின் இப்பெயர் எய்திற்று என்பது அவ்விளக்கம். அழகிய விளக்கமே, ஆயினும் உண்மையன்று என்பது எம் துணிபு.

கொச்சியில் ஒல்லாந்தரின் ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மலையாள மருத்துவர் அந்நூலுக்குப் பெருந்துணை புரிந்தவர். அதில் இச்செடி 'த்ஸொவன்ன அமெல்பொடி' என இலத்தீன் எழுத்திற் குறிக்கப்பெற்றுள்ளது. 'பெலுத்த அமெல்பொடி' என வேறொரு செடியும் அந்நூலில் இடம்பெறுகின்றது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஐயம் எழாது. 'பெலுத்த' என்பது 'வெளுத்த'. 'த்ஸொவன்ன' என்பது 'சுவன்ன', அஃதாவது 'சிவந்த'. மலையாளத்தில் இச்செடிக்கு இன்றும் 'சுவன்ன அவில்பொரி' என்னும் பெயர் உண்டு. அவல், பொரி என்பன தமிழர்க்கும் நன்கு தெரிந்த சொற்களே. ஒல்லாந்தர் எழுத்தில் 'பொரி' 'பொடி'யாயிற்று; பின்வந்த தாவர நூலார் அதனைப் படியெடுத்தனர்; ஆங்கில எழுத்திலிருந்து மீண்டும் தமிழுக்குப் பெயர்த்தோர் 'சுவன்ன' என்பதைச் 'சிவன்' ஆக்கினர். இடையிட்ட படிகள் அனைத்தையும் யாம் காட்டவில்லை. ஆயினும் வெள்ளை, சிவப்பு என்னும் இணை இக்கருத்துக்குப் போதிய அரண் எனக் கருதுகின்றோம்.

மேனாட்டார் இட்ட பெயரும் செடியோடு தொடர்பற்றதே. 16ஆம் நூற்றாண்டில் சிரியா முதலிய நாடுகளிற் பயணஞ் செய்த ஆக்சுபர்க்கு நகர மருத்துவர் இராவொல்பு என்பாரின் நினைவாகப் பிளுமியே 1703இல் இப்பேரினத்துக்கு 'இராவொல்பியா' எனப் பெயரிட்டார். இராவொல்பு இந்தியாவுக்கு வந்தவரல்லர்.

இனி, வடமொழி மருத்துவ நூல்களிற் 'சர்ப்பகந்தா' என்னும் பெயர் வருதல் உண்மை. ஆனால் அப்பெயர் இச்செடியைத்தான் குறித்ததோ என்பது அறிஞரிடையே முடிவுறாத வினா. முடிவுற்றதாகவே கொள்ளினும், 'முன்னோர் குருதி அழுத்த நோயை அறிந்திருந்தனர்' எனச் சிலர் எழுதுவதற்கு அஃது இடந்தராது. பெயரை அறிந்தமை வேறு, பயனை அறிந்தமை வேறு. இவ்வேர் பித்துக்கொண்டாரை அடக்கி உறங்கச் செய்யும் என்பதைப் பீகார் மக்கள் தம் வழக்கிற் போற்றி வந்தனர். 'பாகல் கீ தவா', அஃதாவது பித்தர்க்கான மருந்து என்றே அதனை அழைத்தனர். ஆய்வாளரை இவ்வேரின்பாற் செலுத்தியதில் ஏட்டினும் இவ்வழக்குக்கே பங்கு மிகுதி என்பது எம் கருத்து.

1931ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் சிறப்புடையது. அவ்வாண்டு டில்லித் திப்பியாக் கல்லூரியைச் சார்ந்த சலீமுசுமான் சித்திக்கியும் இரபத் உசேன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளை, அஃதாவது காரத்தன்மை வாய்ந்த தாவரச் சத்துகளை, படிகமாகப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு, 1927இல் மறைந்த அக்கீம் அசுமல்கானின் நினைவாக 'அசுமலின்' எனப் பெயரிட்டனர். அதே ஆண்டிற் கல்கத்தாவில் சென், போசு என்னும் இரு மருத்துவர்கள் வேர்ப்பொடியையே நோயாளர்க்கு நாளிருமுறை 20 முதல் 30 கிரெயின் அளவிற் கொடுத்துக் கண்ட பயனை எழுதினர். பித்தின் வெறி தணிந்தது, உறக்கம் வந்தது, குருதி அழுத்தமும் குறைந்தது.

டில்லியார் வேதியியலால் வேரைப் பகுத்தனர். கல்கத்தாவார் பகுக்காத வேரின் பயனைக் கண்டனர். இவ்விரண்டும் பொருந்தியிருக்க வேண்டும், பொருந்தவில்லை. பிரித்தெடுத்த படிகங்கள் முழுவேர் போல் உறக்கந் தரவில்லை. காரணம் யாது? அக்கால வேதியியலார்க்குப் படிகமே பொருள். அஃது உருகும் வெப்பநிலையை அளக்கலாம். தூய்மையை உறுதி செய்யலாம். படிகம் எடுத்தபின் கலத்தில் எஞ்சும் ஒட்டுந்தன்மையுள்ள பிசினுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. உறக்கந் தரும் ஆற்றலோ அப்பிசினிலேயே தங்கியிருந்தது. 1940ஐ அடுத்த ஆண்டுகளில் வங்க ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டு கூறினர். இன்னுமோர் இடர்ப்பாடும் இருந்தது. இம்மருந்து உடனே வேலை செய்வதன்று. நாள்கள் சென்றே பயன் தருவது. ஊசியிட்டுச் சில நாழிகைக்குள் விளைவை நோக்கும் விலங்காய்வு அதனைத் தவறவிடுதல் எளிது. நோயாளியை வாரக்கணக்கிற் கண்காணித்த மருத்துவரோ தவறவிடவில்லை.

பம்பாய் மருத்துவர் உருசுதம் சால் வக்கீல் 50 நோயாளரிடம் கண்ட முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்ட பின்னரே மேனாட்டார் கண் திறந்தது. பதினெட்டு ஆண்டு இடைவெளிக்கு, முன்னைய கட்டுரைகள் இந்திய இதழ்களில் வெளிவந்தமையும் ஒரு காரணம் என்றே எண்ணுகின்றோம். 1952இல் பேசல் நகரச் சீபா நிறுவனத்தைச் சார்ந்த முல்லர், சிலிட்லர், பைன் ஆகிய மூவரும் அப்பிசினையே எடுத்துக்கொண்டனர். படிகத்தை நாடாது, ஆற்றல் எப்பகுதியிற் செல்கின்றது என்பதை விலங்காய்வால் தொடர்ந்து சென்று 'இரெசர்ப்பின்' என்னும் சத்தை அடைந்தனர். 1954இல் நியூயார்க்கு மருத்துவர் நேதன் கிளைன் மனநோயாளர்க்கு அதன் பயனை அறிவித்தார். 1956இல் உட்வர்டு அதனை ஆய்வகத்திலேயே செயற்கையாக ஆக்கிக் காட்டினார்.

மருந்தமைப்பு என்னும் கலை ஈண்டுத்தான் தன் வேலையைத் தொடங்குகின்றது. வேர் எங்கும் ஒரே தன்மையதன்று. விளைந்த நிலம், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றால் சத்தின் அளவு மாறும். அதனால் அமெரிக்க மருந்துநூல், வேர்ப்பொடியில் இரெசர்ப்பின் இனச் சத்து 0.15 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என வரையறுத்தது. இக்கணக்கின்படி 0.25 மில்லிகிராம் சத்துக்கு ஏறத்தாழ 170 மில்லிகிராம் வேர் வேண்டும். சத்தை மட்டும் கொடுப்பின் அளவு துல்லியமாகும். வேரைக் கொடுப்பின் உடன்சேர்ந்த ஏனைச் சத்துகளும் உட்செல்லும். எது சிறந்தது என்பதில் மருத்துவர் நெடுங்காலம் வழக்கிட்டனர். அளவு மிகின் மனச்சோர்வு உண்டாகும் என்னும் அச்சமும் எழுந்தது. நரம்பு முனைகளிற் சேமித்து வைக்கப்பெறும் நார் அட்ரினலின், செரட்டோனின் முதலியவற்றை இம்மருந்து வறளச் செய்தலே அழுத்தத் தணிவுக்கும் உறக்கத்துக்கும் காரணம் என 1955 முதல் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. வேறு மருந்துகள் வந்தபின் இதன் ஆட்சி சுருங்கிற்று. காட்டில் அளவின்றி வேர் தோண்டப்பெற்றமையால், 1990இல் இச்செடி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது.

குருதி அழுத்தத்துக்கு உதவாதென ஒதுக்கப்பெற்ற அசுமலினும் வீண்போகவில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்செய்யவும், புருகாடா நோய் என்னும் பிறவி இதயக் கோளாற்றைக் கண்டறியவும் அது பிற்காலத்திற் பயன்பட்டது.

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதில் நேர்த்தொடர்பு உண்டு. இன்று ஆய்வகத்தார் மூலிகைப் பட்டியலை நம் பதிப்புகளிலிருந்தே எடுக்கின்றனர். ஒரு செய்யுளிற் பாடபேதமாக வரும் பெயரை அடிக்குறிப்பினின்று நீக்கிவிடின், படிகத்தை வைத்துக்கொண்டு பிசினை எறிந்தவர் செய்ததையே நாமும் செய்தவராவோம். முற்கூறிய ஆய்வேட்டை யாம் மறுக்கவில்லை. வான் ரீட்டின் ஆறாம் தொகுதியை நேரிற் பார்த்து, 'பெலுத்த அமெல்பொடி'யின் படத்தையும் அருகில் வைத்து, அப்பகுதியை மீண்டும் எழுதித் தருமாறு குறித்து அனுப்பியுள்ளோம்.