பகலை எண்ணாத சேவை: வளர்ந்தோரின் அறிவுசார் குறைபாடும் புல்மோட்டையின் தூரமும்

இலங்கையில் கட்டாயக் கல்வி 16 வயதோடு முடிகிறது. அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் பாடசாலையின் விசேட கல்வி அலகை விட்டு வெளியேறியதும் அவருடைய பகற்பொழுது வீட்டாரின் பொறுப்பாகிறது. வீட்டார் என்று நாம் எழுதுகிறோம். நடைமுறையில் அது உம்மாவையோ அம்மாவையோதான் குறிக்கும். இத்தகையோருக்கான சேவையை எத்தனை பேரை எட்டியது என்று அளப்பதைவிட, எத்தனை மணி நேரப் பகலைத் தந்தது என்று அளப்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சமூகம் சார் புனர்வாழ்வில் இலங்கைக்கு நீண்ட அனுபவம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1989இல் இதற்கென வெளியிட்ட பயிற்சிக் கைநூலை எழுதியவர்களுள் இலங்கையின் பத்மனி மெண்டிஸும் ஒருவர். இம்முறையில் பயிற்சி பெற்ற தொண்டர் வீட்டுக்கு வருவார். குடும்பத்தில் ஒருவரைப் பயிற்றுநராக்குவார். நடக்கவும் தானே உண்ணவும் பழக வேண்டிய குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனால் 25 வயதில், அவற்றையெல்லாம் கற்றுவிட்ட ஒருவருக்கு வீட்டுக்கு வரும் ஆள் போதாது. காலையில் புறப்பட்டுப் போக ஓர் இடம் வேண்டும். வீட்டை நோக்கி அமைந்த முறைக்குள் இந்தத் தேவை எளிதில் அடங்குவதில்லை.

புல்மோட்டையில் இது இன்னும் கூர்மையடைகிறது. குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், கொக்கிளாய்க் களப்புக்கு அருகே, மீன்பிடியாலும் இல்மனைற் மணலாலும் அறியப்பட்ட ஊர். திருகோணமலை நகரம் 50 கிலோமீட்டருக்கு அப்பால். நகரில் எவ்வளவு சிறந்த பகல் நிலையம் இருந்தாலும், தனியே பயணிக்க இயலாத மகனைத் தாய் பஸ்ஸில் கூட்டிச்செல்ல வேண்டும், மாலைவரை அங்கேயே காத்திருக்க வேண்டும். ஒருவருடைய பகலை மீட்கப் போய் இன்னொருவருடைய பகலையும் இழப்பதாக அது முடியும். ஆனால் 2009இல், கடல்வழி கொண்டுவரப்பட்ட போர்க் காயமுற்றோருக்காக இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையிலேயே மருத்துவமனை நடத்தியது. அவசரம் என்று கருதப்பட்டபோது சேவை ஊர் தேடி வந்திருக்கிறது.

புள்ளிவிவரமும் அறிவுசார் குறைபாடுள்ள வளர்ந்தோரைத் தெளிவாகக் காட்டுவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. ஆனால் அதில் இருந்த நினைவு, கவனம் பற்றிய கேள்வி முதியவரின் மறதியையும் பிறவியிலிருந்தே வரும் அறிவுசார் குறைபாட்டையும் ஒரே கூடையில் போட்டது.

பகலை எண்ணும் முறைக்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட குறைபாடுகளுடையோருக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளை 2015இல் தொடங்கிய ‘விகாஸ்’ திட்டம், பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான பகல் நிலையம் நாளுக்கு ஆறு மணி நேரமாவது, மாதத்துக்கு 21 நாட்களாவது திறந்திருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். எண்ண வேண்டியது எது என்பதில் அதற்குக் குழப்பமில்லை.

பகல் நிலையமே ஒருவகைப் பிரித்துவைப்பு அல்லவா என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பெரிய பகல் நிலையங்களில் தேங்கிப்போன சேவையை மாற்ற இங்கிலாந்து 2001இல் வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, சமூகத்திலிருந்து ஒதுக்கப்படுவதோடு தனிமைப்படுத்தப்படுவதையும் தடுக்கச் சொல்கிறது. பூட்டிய வீடும் தனிமைதான். ஆகவே மறுப்பு நிலையத்தின் வடிவத்தை மாற்ற உதவுமே தவிர, நிலையமே வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. கடதாசிப் பை ஒட்டியே நாள் கழியும் கூடம் வேண்டாம். முச்சக்கர வண்டியில் போய்வரும் தூரத்தில் சிறிய இடம். அங்கிருந்து கடைத்தெருவுக்கும் மீன்வாடிக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வரும் ஒழுங்கு. பெண்கள் தயக்கமின்றி வர ஏற்ற ஏற்பாடு. அவ்வளவு போதும்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு இதைத் தொடங்கக் கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பதியும்போது, ‘வாரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கிறார்?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.