ஷஹாதாச் சங்கிலி: ஸரந்தீப் மலையில் இப்னு பதூதா

சந்தவாசலுக்கு மேற்கே சவ்வாது மலைத்தொடர் சுவர் எழுப்பியது போல நிற்கின்றது. அதன் அடிவாரத்தில், சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய படைவீடு, இன்றைய படவேடு, அமைந்துள்ளது. தெற்கே போளூரைக் கடந்து சென்றால் பர்வத மலை. ஏறத்தாழ 4,500 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியை நாடுவோர், பாறையில் அறையப்பட்ட இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டே கடைசிப் பகுதியை ஏற வேண்டும். எனவே, சங்கிலி பிடித்து மலையேறுவது எத்தகையது என்பதை இவ்வட்டாரத்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அத்தகையதோர் ஏற்றத்தை அரபி மொழியில் விரிவாகப் பதிவு செய்தவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344-இல், அவர் இலங்கையின் ஸரந்தீப் மலையில் ஏறி இறங்கி, அங்கிருந்து நேரே நமது தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தார்.

அம்மலைக்குப் பெயர்கள் பல. சிங்களவர் ஸ்ரீபாத என்றும் சமனல என்றும் அழைப்பர். இலங்கைத் தமிழர்க்கு அது சிவனொளிபாத மலை. தமிழ் முஸ்லிம்கள் பாவாத மலை என்பர். பாவா ஆதம் மலை என்பதே அவ்வாறு மருவிற்று. உயரம் 2,243 மீட்டர். உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவடு போன்ற பள்ளத்தைப் பௌத்தர் புத்தருடையது என்றும், சைவர் சிவபெருமானுடையது என்றும், முஸ்லிம்கள் நபி ஆதம் (அலை) அவர்களுடையது என்றும் கூறி வந்துள்ளனர்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் அல்பகரா, அல்அஃராஃப் ஆகிய அத்தியாயங்களில் கூறுகின்றது. இறங்கிய இடம் எதுவென்று கூறவில்லை. இந்தியப் பகுதியில் இறங்கினார்கள் என்னும் அறிவிப்புகளை இமாம் தபரீ (இறப்பு ஹி. 310) தமது வரலாற்று நூலில் தொகுத்துள்ளார். அவை பண்டைய அறிவிப்புகள் என்ற அளவில் மதிக்கத்தக்கவையே அன்றி, ஈமானின் பகுதியாகக் கொள்ளத்தக்கவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸாத் பில்கிராமீ தமது ‘ஸுப்ஹத்துல் மர்ஜான்’ நூலில் இவ்வறிவிப்புகளைக் கொண்டே இந்திய மண்ணின் சிறப்பை நிறுவ முற்பட்டார். அது அவரது நாட்டுப்பற்று. நமது நோக்கம் பாதம் யாருடையது என்று தீர்ப்பளிப்பதன்று. அதை நோக்கிச் சென்ற பாதை யாருடையது என்று பார்ப்பதே.

மாலத்தீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவுக்குக் கடலிலிருந்தே அம்மலை புகைத்தூண் போலத் தென்பட்டது. கப்பல் ஒதுங்கிய இடம் பத்தாலா; அது இன்றைய புத்தளம் என்பர். அவ்விடம் யாழ்ப்பாணத் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர் மூன்று நாள் விருந்தோம்பி, வேண்டியதைக் கேளும் என்றபோது, ஆதமின் பாதத்தைக் காண்பதன்றி இத்தீவில் தமக்கு வேறு விருப்பமில்லை என்று பயணி கூறினார். மன்னர் தாமதிக்கவில்லை. பல்லக்கும் அதனைச் சுமப்போரும் தந்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தைச் சேர்ந்த பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர் என ஒரு கூட்டத்தையே உடன் அனுப்பினார். மொராக்கோ நாட்டு மாலிக்கீ மத்ஹபின் காழி ஒருவர், தமிழ்ச் சைவ மன்னரின் செலவில், யோகிகள் வழிகாட்ட, ஆதம் நபியின் பாதத்தைத் தேடிப் புறப்பட்டார். இதில் வியப்பதற்கு ஏதேனும் உண்டென்று அவர் எழுத்தில் ஓரிடத்திலும் காட்டவில்லை. நமக்கு வியப்பளிப்பது அதுவே.

உள்நாட்டுச் சிங்கள மன்னரின் தலைநகரை அவர் குனகார் என்று குறிப்பிடுகின்றார். அது குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர். நகருக்கு வெளியே ஷைகு உஸ்மான் ஷீராஸீயின் பள்ளிவாசல் இருந்தது. மலைப்பாதைக்கு வழிகாட்டி அவரே. பசுவைக் கொன்றவருக்கு மரண தண்டனை என்பது அந்நாட்டு வழக்கம். ஷைகின் மீதிருந்த மதிப்பால் உயிரை விட்டு, ஒரு கையையும் காலையும் துண்டித்தனர். பின்னர் ஒரு சந்தையின் வருவாயையும் அவருக்கே அளித்தனர். கால் இழந்தவர் மலையேற இயலாதல்லவா? அவருடைய மக்களும் பணியாளரும் வழிகாட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். மன்னரும் குடிகளும் அவரைக் கண்டு மரியாதை செலுத்தி வந்தனர் என்றும் இப்னு பதூதா எழுதுகின்றார். தண்டனையையும் மரியாதையையும் ஒரே பத்தியில், எதையும் மறைக்காமல் அவர் சொல்லிச் செல்கின்றார். நல்லிணக்கம் பேசுவோர் முதற்செய்தியையும், பகைமை பேசுவோர் இரண்டாவதையும் விட்டுவிடுவது இக்கால வழக்கமாகிவிட்டது.

அதற்கப்பால் வழியிலுள்ள இடப்பெயர்களைக் கவனித்தல் வேண்டும். லூரிஸ்தானைச் சேர்ந்த உஸ்தாத் மஹ்மூதின் குகை, பாபா தாஹிரின் குகை, இஸ்ஃபஹானியின் குகை, இஸ்கந்தர் ஏற்றம் எனப் பெயர்கள் தொடர்கின்றன. மலைவாயிலுக்கே தர்வாஸா என்று பெயர். அரபி நூலில் பாரசீகப் பெயர்கள் இவ்வாறு நிரம்பியிருப்பதற்குக் காரணம், ஈரானிய ஃபகீர்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வழியை மிதித்திருந்ததே. ஷீராஸ் நகரின் ஸூஃபி இப்னு கஃபீஃப் (இறப்பு கி.பி. 982) அவ்வழியைத் திறந்து வைத்தவர் என்பது அவர்களிடையே நிலவிய நம்பிக்கை. ‘ஏற்றம்’ என்பதற்கு அங்கு ஆளப்பட்டுள்ள அரபிச் சொல் ‘அகபா’. அல்பலத் அத்தியாயத்தில் அடிமையை விடுவித்தலுக்கும் பசித்தவர்க்கு உணவளித்தலுக்கும் உவமையாக வரும் சொல்லும் இதுவே. மாணவர்க்கு அச்சொல்லின் கடுமையை உணர்த்த நாம் இப்னு பதூதாவின் இப்பகுதியை வாசித்துக் காட்டுவதுண்டு.

பாதையின் பெருந்தொல்லை அட்டைகள். நீரோரத்துப் புல்லிலும் மரத்திலும் இருந்து அவை தாவி ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சையைப் பிழிந்தால் விழுந்துவிடும். கடிபட்ட இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவர். பாபா கூஸீ என்பவர் எலுமிச்சை பிழியாமல் பொறுமை காட்டினார். குருதி வடிந்து மாண்டார். அவர் பெயராலும் ஒரு குகை உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்னும் நபிமொழியின் கருத்தை அவருக்கு எவரும் நினைவூட்டவில்லை போலும். இவ்விடத்தில் காலத்தையும் கணக்கிட வேண்டும். இப்னு பதூதா மாலத்தீவை விட்டது 1344 ஆகஸ்டு இறுதியில். எனவே அவர் மலையேறியது தென்மேற்குப் பருவமழை ஓயாத வேளை. இன்று யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரையே. மற்றைய மாதங்களில் மழையும் மூடுபனியும் அட்டையும் ஏறுவோரை வருத்தும். அவர் கண்ட அட்டைப் பெருக்கத்திற்கு இதுவே காரணம் என்பது நமது கருத்து.

மலைக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி. மற்றொன்று மாமா வழி. தந்தை ஆதமும் அன்னை ஹவ்வாவும் இப்பெயர்களால் குறிக்கப்பட்டனர். மாமா வழி எளிது. திரும்புவோர் அதில் இறங்குவர். ஏறும்போதே அதில் சென்றவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் எண்ணுவதில்லை. பாபா வழியோ செங்குத்தானது. முன்னோர் பாறையில் படிகளை வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். அவை பத்து. அடிவாரத்தில் வாயிலருகே இரண்டு, அடுத்தடுத்து ஏழு, பத்தாவது ‘ஸில்ஸிலத்துஷ் ஷஹாதா’. ஷஹாதா என்னும் சொல் உயிர்த்தியாகத்தையும் குறிக்குமாதலால், பெயரை மட்டும் கேட்போர் அங்கு எவரோ ஷஹீதாகிவிட்டனர் என்று எண்ணக்கூடும். காரணத்தை இப்னு பதூதாவே விளக்கிவிடுகின்றார்: அங்கு வந்தவர் கீழே நோக்கினால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பற்றிக்கொள்ள, கலிமா ஷஹாதாவை மொழிவார், அதனாலேயே அப்பெயர். மரணத் தறுவாயில் நாவில் இருக்க வேண்டியதை மலை முன்கூட்டியே வரவழைத்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் இச்சங்கிலிகளைக் குறிப்பிட்டுள்ளார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஏறியவர்களும் உச்சியை அடுத்த சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளனர். எனவே இது பயணியின் கற்பனையன்று.

மேகங்கள் காலுக்குக் கீழே, மலையடியை மறைத்துக் கிடந்தன என்கிறார். உள்ளங்கை அகல ரோஜாக்களைக் கண்டார். அவற்றின் இதழ்களில் இறைநாமம் தெரிவதாக மக்கள் கருதினர் என்று மட்டும் எழுதுகின்றார். தாம் படித்ததாகச் சொல்லவில்லை. பத்தாவது சங்கிலியிலிருந்து ஏழு மைல் தொலைவில் கிழ்ரு (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் குகை. அதனருகில் மீன்கள் நிறைந்த நீரூற்று. எவரும் அம்மீன்களைப் பிடிப்பதில்லை. யாத்திரிகர் மூட்டைகளை அங்கு வைத்துவிட்டு, மேலும் இரண்டு மைல் ஏறிப் பாதத்தை அடைவர். மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் சென்று காண்பது மரபு. அவரும் அவ்வாறே செய்தார்.

பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்கிறார். சாண் ஒன்பது அங்குலமெனில் எட்டேகால் அடி. ஹிஜ்ரி 237-இல் எழுந்த ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் வணிகர் குறிப்பேடு இதனையே எழுபது முழம் என்றது. அது நூறு அடியைத் தாண்டும். கேட்டு எழுதியவர்க்கும் ஏறிப் பார்த்தவர்க்கும் இடையிலுள்ள தொலைவு இவ்வளவு. பாறையில் ஒன்பது குழிகள் இருந்தன. பிற சமய யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவர். முஸ்லிம் ஃபகீர்கள் அவற்றை எடுப்பதற்காக கிழ்ரு குகையிலிருந்து ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவராம். இப்னு பதூதாவின் குழுவினர் சென்றபோது சில கற்களும் சிறிது பொன்னுமே எஞ்சியிருந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டனர். காணிக்கை இட்டவர் ஒரு சமயத்தவர், எடுத்தவர் மற்றொரு சமயத்தவர். இதன்பொருட்டு அங்கே சண்டை மூண்டதாக அவர் எழுதவில்லை. ஆயினும் ஃபகீர்களின் அவ்வோட்டம் நமக்குப் பெருமை தருவதன்று.

மாமா வழியே இறங்கித் தெவிநுவர, காலி, கொழும்பு நகரங்களைக் கண்டு, மீண்டும் பத்தாலாவில் கப்பலேறினார். மஅபர் கரையை நெருங்குகையில் புயலில் கப்பல் சிதைந்தது. கரையோர மக்கள் அவருக்கு மீனும், முக்ல் மரத்துக் கனியும் தந்தனர். தேன் பொதிந்த பஞ்சு போன்ற அதன் உட்பகுதியை அவர் வருணிப்பதைப் படிக்கும் தமிழர் எவரும் அது பனை என்று அறிந்துகொள்வர். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ, இவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர், ஆளனுப்பி அழைத்தார். செல்லும் வழியில் ஹர்காத்து என்னும் கோட்டையில் ஓரிரவு தங்கினார். அது சந்தவாசலுக்கு வடகிழக்கே உள்ள ஆர்க்காடு என்பர் சிலர். கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் உள்ளே இருக்கும் ஆர்க்காட்டை, நூலில் காணப்படும் குறுகிய பயணத்திற்குள் அடக்குவது கடினம். நம் வட்டாரத்துக்குப் பெருமை சேர்க்கும் கருத்துத்தான். எனினும் அதனை உறுதியென்று எழுத நமக்குத் துணிவில்லை.

அந்தப் பாளையத்தில் அவர் கண்டதோ வேறு. சிறைப்பட்ட ஊர்மக்களைச் சுல்தான் கழுவேற்றினார். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. உறவினர், புரவலர், தம் மார்க்கத்தவர் என்னும் எந்தக் காரணத்தாலும் இப்னு பதூதா இதனை மூடி மறைக்கவில்லை. வேறெந்த மன்னரிடமும் தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். யோகிகளோடும் பிராமணரோடும் சங்கிலி பிடித்து ஏறி இறங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. மலைப் பகுதியை மட்டும் எடுத்துரைத்து, பாளையப் பகுதியைத் தாண்டிச் செல்லும் கட்டுரைகளை நம்மவர் ஏடுகளில் கண்டிருக்கிறோம். இரண்டையும் எழுதிய கை ஒன்றே.

மஅபரை விட்டு மேலைக் கரையில் பயணம் செய்கையில், ஹொன்னாவருக்கு அருகே பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்தனர். ஆரியச் சக்கரவர்த்தி வழங்கிய மாணிக்கங்களும் ஸூஃபிகள் அளித்த ஆடைகளும் பறிபோயின; காற்சட்டை ஒன்றே மிஞ்சியது. புகாராவில் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் கடற்கொள்ளையில் போயின என்று அவரே பிறிதோரிடத்தில் கூறுகின்றார். ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸய் எழுத, அவர் சொல்லி முடித்தது 1355 டிசம்பரில். குகைகளின் வரிசையையும், எலுமிச்சையையும், பத்துச் சங்கிலிகளையும் பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அவர் நினைவிலிருந்தே கூறினார்.