ஆறு பேர் இருந்த அறை

நம் சங்கத்தின் இளைய அங்கத்தினர்கள் சிலர், "மாமா, அந்தக் காலத்தில் பம்பாய்க்கு வந்து எப்படிக் காலூன்றினீர்கள்?" என்று கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1871-ல் பம்பாய், மதராஸ் ரயில் பாதைகள் ராய்ச்சூரில் இணைந்தன. தெற்கிலிருந்து வருவது சுலபமாயிற்று. 1896-ல் பிளேக் இந்நகரை உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதர்-மாதுங்கா பக்கம் அகலமான சாலைகள் போட்டு மனைகள் பிரித்தது. 1920, 30-களில் அங்கே எழுந்த மாடிக் கட்டடங்களில், டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு தஞ்சாவூர், பாலக்காடு பக்கங்களிலிருந்து வந்த நம்மவர்கள் குடியேறினார்கள். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருப்பது ஆசாரம் பார்த்தவர்களுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. போகப்போக அதுவே வசதி என்றாயிற்று.

ஒருவருக்கு வேலை கிடைத்து அறை பிடித்தால், தம்பி, மைத்துனன், அடுத்த தெருப் பையன் என்று பின்னாலேயே வந்து சேர்வார்கள். குடும்பங்கள் பெருகியதும் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. 1932-ல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி பிறந்தது. சங்கீதத்துக்கென்று 1952-ல் ஷண்முகானந்தா சபா. 1963-ல் அதன் பெரிய அரங்கம். 1990-ல் தீ விபத்தில் சேதமடைந்த அரங்கத்தை விடாமல் புதுப்பித்து, 1998-ல் மறுபடி திறந்தார்கள்.

நான் வந்தது 1968-ல். மாதுங்காவில் ஒரே அறையில் ஆறு பேர். முதல் சம்பளம் வரும்வரை என் பங்கு வாடகையை மற்ற ஐவரும் பகிர்ந்து கொடுத்தார்கள். டைபாய்டில் கிடந்தபோது முறை வைத்து லீவு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பாகத்து மராத்தி அம்மாள் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினார். தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் அங்கே இருந்தார்கள். மாதுங்காவில் நம்மவர் குடியேறுவதற்கு முன்பே வந்தவர்கள். என் ஆபீஸில் ஒரு குமாஸ்தா தாராவிக்காரர். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை, இரண்டு மாதம் உங்கள் அறையில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். அப்போது ஒருவர் ஊருக்குப் போயிருந்ததால் இடமும் இருந்தது. அறையில் மூத்தவர், "நமக்குச் சரிப்படாது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகும் அவர் என்னோடு ஒரே ரயிலில் வந்தார். நான் மாதுங்காவில் இறங்குவேன். அடுத்த ஸ்டேஷன் சயானில் அவர் இறங்குவார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

1970-ல் சிட்கோ தொடங்கி நவி மும்பை உருவானது. 1992-ல் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் வந்தபின் நாங்களும் சான்பாடாவுக்கு வந்தோம். அப்போது வாழை இலைக்கும் காப்பிப் பொடிக்கும் மாதுங்காவுக்கே ஓடவேண்டும். மறுபடியும் புது ஊர், புது மனிதர்கள்.

இப்போது ஐரோலி, வாஷி பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகள், பீஹாரோ ஒடிஸாவோ மதுரையோ, நாலைந்து பேராக ஃபிளாட் தேடி அலைகிறார்கள். சென்ற மாதம் எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் "பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது" என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை எழுந்து பேசினேன். ஆறு பேர் இருந்த அறையைப் பற்றியும், அதில் நாங்கள் இடம் கொடுக்காத ஏழாமவரைப் பற்றியும் சொன்னேன். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் கட்டடத்திலும் இந்தப் பேச்சு வரும். அப்போது நீங்கள் வந்திறங்கிய முதல் அறையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.