இருபத்துநாலில் ஒரு பங்கு

முப்பத்தொரு வருடம் நான் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தேன். காணி உறுதி எழுதுவது தொழில். முதலில் கையெழுத்து, பிறகு தட்டச்சு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எழுதும் உறுதிக்கு ஒரு நடை உண்டு. காணியின் பெயர், பரப்பு, குழி, நாலு எல்லை, அதில் நிற்கும் பனை வடலி எல்லாம் சொல்லி முடிந்தபிறகு கிணற்றுப் பங்கு வரும். அதோடு சேர்ந்து கிணற்றுக்குப் போகும் வழியும் தண்ணீர் வரும் வாய்க்காலும் வரும். எந்தத் திசைக் காணியில் கிடக்கிற கிணறு, அதில் எத்தனையில் எத்தனை பங்கு என்று பின்னமாக எழுதவேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் வாங்கினவர் அடுத்த கிழமையே கந்தோர் வாசலில் வந்து நிற்பார். நிலத்தில் இரண்டு குழி குறைந்தாலும் பொறுப்பார்கள். தண்ணீரில் ஒரு முறை குறைந்தால் பொறுக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கமிருந்து குளம் குளமாகத் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் கடலோடு சேரும், அதுவும் மாரியில் மட்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்கள் வரவு. அது குளத்திலும் கேணியிலும் தோட்டத்திலும் நின்று, செம்பாட்டு மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே குடிக்கலாம், ஆழத்தில் உப்பு. எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலேயே இந்தக் கிணறு வந்துவிட்டது.

கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது இந்தத் துறை அறிந்தவர்களின் கணக்கு. அதைத் திருப்பிப் படித்தால் நெஞ்சு திடுக்கிடும். மேலே ஒரு அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். என் ஐயா இந்தக் கணக்கைப் படித்தவரில்லை. ஆனால் துலாக்கொடியில் ஓரிடத்தில் சிவப்புத் துணி முடிந்து வைத்திருந்தார். பட்டை தண்ணீரைத் தொடும்போது அந்த முடிச்சு கிணற்றுக் கட்டுக்குக் கீழே போய்விட்டால், "காணும், இனி நாளைக்கு" என்று துலாவிலிருந்து இறங்கிவிடுவார். பாத்தி பாதியில் காய்ந்து கிடந்தாலும் இறங்கிவிடுவார்.

எங்கள் கிணறு உரும்பிராயில். பாட்டனாருக்கு அதில் பாதி. எங்கள் பழைய வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் தேசவழமை என்று சட்டமாக்கினார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைபிரித்த சட்டம் அது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி போகும். காணியோடு கிணற்றுப் பங்கும் போகும். பாட்டனாருக்கு நாலு பிள்ளைகள், ஆகவே எட்டில் ஒன்று. ஐயாவுக்கு நாங்கள் மூன்று பேர். என் பேரிலுள்ள உறுதியில் 1/24 என்று இருக்கிறது. பங்கை விற்பதென்றாலும் முதலில் பங்காளிக்குச் சொல்லித்தான் விற்கவேண்டும். தேசவழமையின் நல்ல ஏற்பாடுகளில் அதை ஒன்றாக நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் திடீரென்று கிணற்றடிக்கு வந்து நிற்க அது விடாது.

1/24 என்பது தோட்டத்தில் முறையாக மாறும். எட்டில் ஒன்று வைத்திருந்தவருக்கு எட்டு நாளைக்கு ஒரு பகல். எனக்கு வந்திருக்கவேண்டியது இருபத்துநாலு நாளைக்கு ஒன்று. வெங்காயமோ நாலு நாளுக்குமேல் தாங்காது. அதனால் புகையிலை வெட்டி முடித்தவர் தன் முறையை வெங்காயம் நட்டவருக்குக் கொடுப்பார். அடுத்த போகத்தில் திருப்பி வாங்குவார். யாருக்கு யார் எத்தனை முறை கடன் என்பது எந்த உறுதியிலும் இல்லை. எல்லாம் பங்காளிகளின் வாயிலும் மனதிலும் இருந்தது. சண்டை வராமலில்லை. மண்வெட்டிப் பிடியால் அடிபட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். என்றாலும் ஒரு கிணற்றைப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பகிர்ந்து குடித்ததே, அது சின்னக் காரியமில்லை.

விடியப்புறம் மூன்று மணிக்கெல்லாம் துலா கீச்சிடும். ஆடுகாலுக்கு மேலே நீளத் துலா. ஐயாவும் சித்தப்பாவும் அதில் ஏறி, பக்கத்தில் கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் பனையோலைப் பட்டை கொடியோடு இறங்கும்; திரும்பி நடந்தால் நிறைந்து ஏறும். கட்டில் நிற்கிறவர் அதைப் பிடித்துச் சரிக்க, தண்ணீர் வாய்க்காலில் விழும். எனக்குத் தண்ணீர் மாறும் வேலை. ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததை வெட்டிவிடவேண்டும். இருட்டில் கண் உதவாது. வெறுங்காலோடு பாத்தித் தலைப்பில் நிற்பேன். முதலில் குளிர் விரல் நுனியைத் தொடும், பிறகு விரலிடுக்கில் ஊரும், கணுக்கால் எலும்பைத் தொடும்போது பாத்தி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பட்டை பட்டையாக எண்ணி இறைத்த தண்ணீர். ஒரு சொட்டு வரம்பால் வழிந்தாலும் துலாவிலிருந்து ஐயாவின் குரல் கேட்கும். "தம்பி, தண்ணி உடைக்குது, பார்!"

அந்தத் துலாவை மிதிக்கக் கூலிக்கு வந்தவர்களுக்கு அதே கிணற்றில் தொட்டு அள்ள உரிமை இருக்கவில்லை. இதை எழுதாமல் பங்குக் கிணற்றின் வரலாற்றை எழுதமுடியாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் வேலிக்கு அப்பால் குடத்தோடு நிற்பார்கள். ஆச்சிக்கு அடுப்படி வேலை முடிந்து, மனமும் வந்தால், வந்து அள்ளி, குடத்தில் படாமல் உயரத்திலிருந்து வார்ப்பா. பாதி வெளியே சிந்தும். சில நாளில் வெயில் ஏறும்வரை நிற்பார்கள். சாதியின் பேரால் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பிறகு கோயிலும் தேநீர்க் கடையும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பங்குக் கிணறு தனியார் சொத்தாக நின்றது. அந்த மக்களின் பேருக்குக் கிணற்றுப் பங்கு மாற்றி நான் எழுதிய உறுதிகளை என் முப்பத்தொரு வருடத்தில் விரல்விட்டு எண்ணலாம். பின்னத்தில் பிழை வராமல் பார்த்த எனக்கு, அந்தப் பின்னத்துக்குள் ஒருபோதும் வராதவர்களைப் பற்றி யோசிக்க வெகுகாலம் பிடித்தது. அது எனக்கு வெட்கம்.

கழிவின் கதைக்கும் இதே முகம்தான். என் சின்ன வயதில் ஊரில் வடலிக்காணிதான். பெண்கள் பொழுதுபடும்வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். நகரத்தில் வாளிக் கக்கூசு. வீட்டின் பின்பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை, மதிலின் அடியில் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்து வாளியை இழுத்து, வண்டியில் கொட்டி, வெறும் வாளியைத் திரும்ப வைப்பதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போக முதல் அவர்கள் வந்து போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்துப் படித்த வீடுகளின் சுத்தத்தை அவர்கள்தான் சுமந்தார்கள். அந்தச் சுத்தத்தைப் பற்றி நாங்கள் பெருமை பேசியபோது அவர்களின் பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

நீரடைப்பு மலசலகூடம் வந்தது பெரிய விடுதலை. வாளி போனது, வடலிக்காணிப் பயம் போனது. பீங்கானில் வளைந்த கழுத்துக்குள் ஒரு கோப்பை தண்ணீர் நின்றால் மணமும் இல்லை, இலையானும் இல்லை. பின்வளவில் ஒரு குழி வெட்டிக் கல்லடுக்கி மூடினால் காரியம் முடிந்தது. குழி நிறைவதே இல்லை என்று சனம் சந்தோஷப்பட்டது. "பதினைஞ்சு வருசம், இன்னும் ஒருக்காக்கூட இறைக்கேல்லை" என்று கந்தோரில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அது எங்கே போகிறது என்று இருவரும் கேட்கவில்லை. சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே, மண் வடிகட்ட அவகாசம் இல்லாமல், கிணறு இருக்கிற அதே தண்ணீருக்குத்தான் போகிறது.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடி வேண்டும் என்று பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சொல்லுவார். என் தொழில் அளவுகளில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பைச் சதுரமாக வெட்டினால் பக்கம் 52 அடி. அதற்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. நாலு பக்கமும் அதேபோல நாலு அயல். சீதனத்துக்குச் சீதனம் காணியைத் துண்டாக்கி, ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று எழுதிக் கொடுத்த கை என்னுடையது.

அதற்குள் துலா போய் இயந்திரம் வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி நின்றபோது எங்கள் செம்பாட்டில் பணம் விளைந்தது. மண்ணெண்ணெய் மிசின் ஒரு மணித்தியாலத்தில் இறைத்ததை இரண்டு பேர் விடிய விடியத் துலா மிதித்தாலும் இறைக்கமுடியாது. சிவப்புத் துணி முடிச்சுக்கு வேலையில்லாமல் போனது. மிசினுக்குத் தெரிவதெல்லாம் எண்ணெய் தீர்வது மட்டும். யூரியாவும் மூட்டை மூட்டையாக வந்தது. 1980களிலேயே வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறிவிட்டதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக அளவு. கைக்குழந்தைகளுக்கு அது ஆகாது. கொதிக்கவைத்தாலும் போகாது. பசளையும் குழியும் சேர்ந்து போட்ட நைத்திரேற்று அது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் பார்த்து உணரவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுக்க மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனது. மீசாலையில் ஒரு வளவில் பதினொரு குடும்பம் இருந்தோம். ஒரு கிணறு. வீட்டுக்காரர் ஒருவரையும் மறிக்கவில்லை. நான் எழுதுவினைஞன் என்பதால் ஒரு கொப்பியில் முறை எழுதச் சொன்னார்கள். குடும்பத்துக்குக் காலையில் மூன்று வாளி, பின்னேரம் இரண்டு. சாதி கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. அந்தக் கொப்பியைப்போல நேர்மையான உறுதியை நான் எழுதியதில்லை. அதே கிழமை ஆம்பிளைகள் சேர்ந்து வளவின் மூலையில் மலசலகூடக் குழி வெட்டினோம். இரண்டு மூன்று கிழமையில் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, குழிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டா. வாளியை எண்ணி எழுதின நான் அந்தத் தூரத்தை அளக்கவில்லை. காலால் எட்டி எட்டிப் பார்த்தேன். இருபத்தாறு அடி. அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சினோம். விறகுக்குப் பட்ட பாடு வேறு கதை.

குடாநாட்டுக்கு வெளியேயிருந்து தண்ணீர் கொண்டுவரும் கனவு பழையது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' கொண்டுவரத் திட்டம் எழுதினார். வேலை தொடங்கி, அரைகுறையில் நின்றது. பிறகு இரணைமடுவிலிருந்து குழாய் என்றார்கள். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே காணாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் என்று. வரட்டும். குழாயில் நல்ல தண்ணீர் வருவதை யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் குழாயில் வருவதும் குழிக்குள்தான் போகும். நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் எங்களுக்கு இன்னும் இல்லை. குளங்களைத் தூர்த்துக் கடை கட்டுவதும் நிற்கவில்லை.

ஓய்வுபெறும் வருடம் நொத்தாரிசிடம் ஒன்று கேட்டேன். உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதுகிறோமே, குழி எங்கே இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதினால் என்ன? அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், வழக்கம் இல்லைத்தான்.

போன பங்குனியில் சின்ன மகள் கொக்குவிலில் ஒன்றரைப் பரப்பு வாங்கினாள். உறுதியின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். பின்பக்கத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். கிணற்றிலிருந்து நம் குழி 38 அடி. வடக்கு அயலின் குழி 31 அடி. தெற்கு அயல், வாழைக்குப் பின்னால், 44 அடி. மகள் வாசித்துவிட்டுக் கிழக்குப் பக்கத்தாரின் குழி எங்கே என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக மதிலடிக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டோம்.